ஃபிரிட்ஜில் இருப்பது இஞ்சி இல்லை

புகழ்,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது. கிளம்பும்போது சாவியை மேல்வீட்டு ஜஹீதா அக்காவிடம் கொடு.

ஃபிரிட்ஜில் துணி சுற்றி இருப்பது இஞ்சி இல்லை, என் ப்ளீடிங் ஹார்ட் பூச்செடியின் கிழங்கு. டீயில் தட்டிப் போட்டுவிடாதே. மரத்தடி நிழல் போதும், இதயம் இதயமாகப் பூக்கும் என்று நாவலில் படித்ததை நம்பினேன். நாவலில் வருவது பனி பெய்யும் ஊர். இங்கே சென்னையில், ஆர்.ஏ.புரத்தில் நிழலும் சுடுகிறது, துளிரெல்லாம் கருகிவிட்டது. குளிர்காலம் வந்ததாக அது நினைக்கட்டும் என்றுதான் உள்ளே வைத்தேன்.

"இன்னா நிலா, அதுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிடலாமா?" என்று நேற்று நீ சிரித்தாய். இன்னும் கோபம்தான்.

நிலா

பி.கு. இப்போது தொட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் கொழகொழவென்று இருக்கிறது. முழுக்க அழுகிவிட்டால், நான் வருவதற்குள் நீயே எடுத்துப் போட்டுவிடு. எங்கே போட்டாய் என்று மட்டும் சொல்லாதே.