கினாசியின் கழுத்து

ஜனவரி 15, ஞாயிறு

கினாசியின் கழுத்துக் கறுப்பு இன்றும் போகவில்லை. எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். "எரியுதும்மா, விடும்மா" என்று கத்தினாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒழுங்காகக் குளிக்கத் தெரியாதா? வகுப்பில் அவளைக் "கரிச்சட்டி" என்கிறார்களாம். நான் விடவில்லை. கடைசியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 28

குந்தோரோ வந்தார். லாரி ஓட்டக் கிளம்பினால் பதினைந்து நாள் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். வழக்கம்போலக் கையில் மர்தாபக் அப்பப் பொட்டலம், வெண்ணெயும் சாக்லேட்டும் கெட்டிப்பாலும் வழிய வழிய. அப்பனும் மகளும் தரையில் உட்கார்ந்து விரல் நக்கிச் சிரித்தார்கள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் அப்போதுதான் கேட்கிறது.

அவருக்குக் கால் விரலில் செருப்புக் கடித்த புண். "ஒண்ணுமில்ல லஸ்மி, ஆறிடும்" என்றார்.

பிப்ரவரி 9

பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல்நலப் பரிசோதனை நடத்திவிட்டு, எங்களைச் சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தையல் ஆலையில் அரை நாள் விடுப்பு.

நர்ஸம்மா கினாசியின் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. தேய்ச்சா போகாது. உடம்புல இன்சுலின் நிறைய சுரக்குது, ஆனா உடம்பு அது பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அதோட அடையாளம் இது. இன்னும் சர்க்கரை நோய் வரல. இப்படியே போனா வந்துடும்."

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். காலையில் சோறு, அதன்மேல் வறுத்த நூடுல்ஸ், சர்க்கரை போட்ட டீ. பள்ளியில் பாக்கெட் ஜூஸ், பொரித்தது. சாயங்காலம் தனியாக இருப்பாள், திரும்பவும் நூடுல்ஸ், சோறு, டீ. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிப்ரவரி 10

அழுக்கே இல்லாத இடத்தை ரத்தம் வரத் தேய்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 26

அவரோடு சண்டை.

"சோத்தைக் குறைக்கணுமா? அப்புறம் எதைத் திங்கறது, காத்தையா?"

"மர்தாபக்காவது வாங்கிட்டு வராதீங்க."

"நான் வீட்ல இருக்கறதே ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் எம்பொண்ணு மூஞ்சி வாடணுமா?"

விடியுமுன் ஆலை வண்டி. பொழுது சாய்ந்தபின்தான் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கிறேன். கீரையை எப்போது ஆய்வேன்? அவளை எப்போது பார்த்துக்கொள்வேன்? எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சமைக்கிறவள் நான் ஒருத்திதானே.

மார்ச் 30

நோன்பு மாதம். பகலெல்லாம் பட்டினி, நோன்பு திறந்ததும் தெருவெல்லாம் இனிப்பு. அவளுக்கு முட்டையும் கீரையும் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் போய் வெல்லப்பாகு ஊற்றிய இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாடியும் தம்ளரைப் பிடுங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நான் குண்டா இருக்கறது உனக்கு வெக்கமா இருக்கு. அதானே?"

இல்லடி. பயம்டி. — அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 25

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். அவர் கால் விரல் கறுத்து நாற்றம் எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நானூறுக்கு மேல். "எத்தனை வருஷமா?" என்று டாக்டர் கேட்டார். குந்தோரோ என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

கினாசி கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மே 6

அவர் ஓட்டிய லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 18

இப்போது சமையல் அவர்தான். நொண்டிக்கொண்டே கீரை ஆய்கிறார், சோயா டெம்பே வேகவைக்கிறார். சோறு தட்டில் கால்வாசி. "ஆஸ்பத்திரிச் சாப்பாடே தேவலைப்பா" என்று கினாசி முகம் சுளிக்கிறாள். ஆனாலும் சாப்பிடுகிறாள். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். அவளுக்குப் பாவாடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நம்பலாமா?

ஆகஸ்ட் 21

நம்பியிருக்கக் கூடாது. அவளுக்கும் சர்க்கரை வந்துவிட்டது.

"குறைச்சோமே டாக்டர்... எல்லாத்தையும் குறைச்சோமே" என்றேன்.

"குறைச்சது வீண் போகலம்மா. விட்டுடாதீங்க. ஆனா இனிமே மாத்திரையும் வேணும்."

பதின்மூன்று வயசு. இன்னும் எத்தனை வருஷம் இருக்கு அவளுக்கு. அத்தனை வருஷமும் இதோடயா?

ஆகஸ்ட் 22

காலையில் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கினாசி மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தாள். அவர் கையில் இருந்ததையும் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுதும் இதேதானா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க போடறப்ப என்னையும் கூப்பிடுங்க. நான் மறந்துடுவேன்."

"சரிம்மா" என்றார். எழுந்து பின்பக்கம் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை. அதற்குள் ஆலை வண்டி வந்துவிட்டது.