பத்து சென்டி சாய்ந்த குளம்

ஐப்பசி 4, செவ்வாய்

வானம் மூட்டம். தூறல் வந்தது, போனது. திருவரங்குளம் தாண்டி ஒரு கிராமம். வேலை: குளத்துத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளப்பது. நானாகப் பிடித்த முதல் சர்வே வேலை. மேலே முதலாளி கிடையாது. தப்பு நடந்தால் கை காட்டவும் ஆள் கிடையாது.

எடுத்துப் போனவை: லெவல் கருவி, முக்காலி, அளவுகோல், ஆறு குச்சி, குடை, பிஸ்கட். மறந்தவை: சுத்தியல், குடிதண்ணீர்.

விவகாரம் இது. குளம் நிறைந்தால் தண்ணீர் கலிங்கின் மேல் வழிந்து வெளியே போகும். கலிங்கு ரொம்ப உயரம், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, அரை அடி உடையுங்கள் என்கிறது கீழத்தெரு. உடைத்தால் வயலுக்குத் தண்ணீர் பத்தாது என்கிறது மேலத்தெரு. பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு தெருவிலும் ஓட்டு வாங்கியவர். "மிஷின் சொல்றபடி செய்வோம்" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

ரோட்டுப் பாலத்துக் கல்லின் உயரத்தை நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து படிப்படியாக அளந்து மேலக்கரை வந்தோம். தண்ணீர் ஓரத்தில், குச்சியின் தலை தண்ணீரோடு சமமாக இருக்கும்படி அடித்து, அதன் மேல் அளவுகோலை நிறுத்திப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லால் அடித்தோம். கோல் பிடிக்கும் செல்லையா அண்ணன் முழங்கால் தண்ணீரில். ஐம்பது வயது, நின்றால் தூண். அப்போது எட்டு எருமைகள் இறங்கின. குளம் முழுக்க அலை. குச்சி முங்குகிறது, தெரிகிறது, முங்குகிறது.

எருமைக்காரரிடம் கெஞ்சினேன்.

"இது அதுக குளிக்கிற நேரம். நீங்க அளக்குற நேரத்த மாத்திக்கங்க."

மாற்றிக்கொண்டேன். மூன்றரை மணிக்குத் தண்ணீர் மட்டம் 97.42.

ஐப்பசி 5, புதன்

சுள்ளென்று வெயில். இன்று கீழக்கரை. பாலத்திலிருந்து இந்தப் பக்கமாகத் தனியே அளந்து வந்தாலும் அதே எண் வர வேண்டும். ஒரே குளம், ஒரே தண்ணீர்.

கருவியைச் சுற்றிப் பதினைந்து பேர். குளத்தை ஒட்டிய முதல் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி, என் தோளுக்கு மேலே.

"உள்ள என்னங்க தெரியுது?"

காட்டினேன்.

"ஆத்தாடி! எம் மச்சான் கலிங்குல உக்காந்து பீடி குடிக்கிறான். விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனான்!"

இங்கிருந்தே கத்தினார். அங்கே பீடி தண்ணீரில் விழுந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கோலைப் படித்து எழுதினேன். கணக்குப் போட்டால் 97.52.

பத்து சென்டி வித்தியாசம். "இந்தப் பக்கம் எப்படிண்ணே பத்து சென்டி மேல நிக்கும்?" என்று செல்லையா அண்ணனிடம் மெதுவாகத்தான் கேட்டேன். வெள்ளைச்சாமி காதில் விழுந்துவிட்டது.

நாங்கள் டீக்கடைக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது.

"குளம் கிழக்க சாஞ்சிருக்காம்ல. மிஷின்லயே வந்துருச்சாம்."

"அதான பாத்தேன், எங்க தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணி வருதுன்னு."

மேலத்தெரு பாக்கியம் அக்காவுக்குக் குளத்தை நம்பி இரண்டு மா வயல். நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, டம்ளர்ல தண்ணி சாயுமா? குளத்துல மட்டும் சாயுமா?"

டீயை வாயில் வைத்தேன். அதில் சர்க்கரை இல்லை.

ஐப்பசி 6, வியாழன்

காலை ஆறரைக்குத் தலைவர் போன். "மேடம், கீழத்தெருக்காரங்க கடப்பாறையோட கலிங்குல நிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க."

பஸ்ஸில் ஓடிய யோசனைகள். வெட்கத்தோடு எழுதுகிறேன். அ) இரண்டு எண்ணுக்கும் நடுவில் 97.47 என்று போட்டுவிடலாம். ஆ) காய்ச்சல். இ) செல்லையா அண்ணன் கோலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மறுபடி கீழக்கரை. ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. குச்சி நேற்று அடித்தபடியே, தண்ணீரும் அதே மட்டம். கடைசியாகப் படித்த இடத்தில் தப்பு அகப்பட்டது. கோலில் 1.84. என் நோட்டில் 1.74. கோலில் எண் குறைந்தால் மட்டம் ஏறும்; அதே பத்து சென்டி. மச்சான் பீடி குடித்த நேரம்.

ஊரே நிற்கிறது. நான் வாய் திறப்பதற்குள் செல்லையா அண்ணன், "எந் தப்புங்க. கோல சரியாப் புடிக்கல."

காது சுட்டது. பஸ்ஸில் நான் நினைத்ததை அவரே சொல்கிறார்.

"இல்லங்க. அவரு சரியாத்தான் புடிச்சாரு. நாந்தான் தப்பாப் படிச்சுட்டேன். குளம் சாயல."

வெள்ளைச்சாமி, கல்யாணம் நின்றுபோன வீட்டுக் குரலில்: "கொஞ்சங்கூட சாயலியா?"

அப்புறம் கலிங்கின் உச்சி, வெள்ளைச்சாமி வீட்டுத் தரை, இரண்டையும் மூன்று முறை அளந்தேன். வீட்டுத் தரை கலிங்கு உச்சியைவிட 18 சென்டி மேலே. குளத்துத் தண்ணீர் வீட்டுக்குள் போக வழியில்லை. போவது தெருத் தண்ணீர். வாய்க்கால் குப்பையில் அடைத்துக் கிடக்கிறது. தலைவர் கடப்பாறைகளை அப்படியே வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்.

பாக்கியம் அக்கா ஒரு சுரைக்காய் கொடுத்தார். வெள்ளைச்சாமி: "ஒங்கள நம்பி நெல்லு மூட்டையக் கீழயே வைக்கிறேன்."

திரும்பும்போது செல்லையா அண்ணன்: "நான் சொன்னதோட விட்ருக்கலாம்ல பாப்பா. ஒனக்குத்தான மொத வேலை."

அவருக்குப் பாதி சுரைக்காய்.

ஐப்பசி 11, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. குளம் நிறைந்து வழிகிறதாம். வழியும்போது தண்ணீர் கலிங்குக்கு மேல் பத்து சென்டியாவது நிற்கும். வீட்டுத் தரைக்கு மிச்சம் எட்டு. நோட்டை எடுத்து மறுபடி கணக்கு. மறுபடி. வேறெங்காவது ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருந்தால்? நெல் மூட்டை.

வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டேன். "எதுக்கும் மூட்டைய மேல ஏத்திருங்களேன்."

"ஏங்க, நீங்கதான பதினெட்டு சென்டின்னீங்க?"

"ஆமா... இருந்தாலும்."

"இருங்க, பாத்துட்டு வாரேன்."

போனைக் கட் பண்ணாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். மழைச் சத்தம். ஓர் ஆடு. யாரோ இருமினார்கள்.

வந்தார். "தரைக்கு நாலு வெரக்கடை கீழ நிக்குதுங்க. ஒரு மணி நேரமா அங்கனயேதான் நிக்குது. நீங்க சொல்லி வச்சதாலதான் நிக்குதுன்னு எம் பொண்டாட்டி சொல்றா."

நாலு விரற்கடை. எட்டு சென்டி. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.