ஒரு பல் தள்ளி

மார்ச் 4, செவ்வாய்

மாட்டு டாக்டரம்மாவின் பிக்கப் திரும்பி வந்துவிட்டது. போன வியாழக்கிழமைதான் வேலை முடித்து, கழுவித் துடைத்து அனுப்பினேன். "அறுபதத் தாண்டினா நடுங்குதுங்க. எழுபத்தஞ்சுல சீட்டே அதிருது. பின்னாடி பெட்டியில தடுப்பூசி பாட்டிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் உண்மைதான். போன வாரம் இந்த வண்டியில் கை வைத்தது இரண்டே பேர். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கழற்றி, அதில் தேய்ந்துபோன மூட்டு ஒன்றை மாற்றியது நான். நான்கு டயரையும் மாற்றி பாலன்ஸ் செய்தது மச்சான். என் மனைவியின் தம்பி; ஏழு வருடமாக என் கடையில் டயர் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

டயர்தான். வேறென்ன?

மார்ச் 5, புதன்

மச்சான் நான்கு சக்கரத்தையும் கழற்றி மறுபடி பாலன்ஸ் பார்க்கும் மெஷினில் ஏற்றினான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா." மாட்டி ஓட்டினேன். அதே நடுக்கம்.

ஸ்டீயரிங் ஆடவில்லை. சீட்டும் தரையும்தான் அதிர்கின்றன. ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்பக்கம். இது எனக்குப் பாலபாடம். சரி, பின் சக்கரமும் பின்பக்கத்தில்தானே இருக்கிறது?

மார்ச் 6, வியாழன்

இன்று வாய் சும்மா இருக்கவில்லை.

டாக்டரம்மா மதியம் வந்தார். மலைமேல் மூன்று பண்ணைகளில் கோமாரி பரவுகிறதாம். அடுத்த வாரத்துக்குள் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாக வேண்டும். அந்தப் பாதைக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் முடியாது. "எப்பங்க தருவீங்க?" என்றார். "டயர்ல கை வச்சவன் கவனமா வச்சிருந்தா உங்களுக்கு இந்த அலைச்சலே இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். மச்சான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

அவர் போன பிறகு மெல்லக் கேட்டான்: "அந்த ஷாஃப்ட்ட ஒரு தடவ இறக்கிப் பாக்கலாமா மாமா?"

"முப்பது வருஷமா ஷாஃப்ட் கழட்டறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?" பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும்.

அவன் தன் மெஷின் பக்கம் போனான். மெஷினைத் துடைத்து, உறையைப் போட்டு மூடினான். அவன் என்றைக்கும் கடை மூடும்போது செய்வதுதான். ஆனால் இன்று மணி நான்குதான் ஆகியிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

மச்சான் வரவில்லை. மெஷின்மேல் அவனிடமிருந்த கடைச் சாவி. வீட்டில் மனைவி, "வெளியாள் முன்னாடி என் தம்பிய அப்படிச் சொன்னீங்களாமே" என்றாள். அதோடு சரி. முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 8, சனி

தண்ணீர் கேன் போடுகிறவரிடம் இதே அளவு சக்கரம் உள்ள பிக்கப் இருக்கிறது. அவர் கையைக் காலைப் பிடித்து நான்கு சக்கரமும் இரவல் வாங்கி மாட்டினேன். எழுபத்தைந்தில் அதே நடுக்கம்.

அப்படியென்றால் டயர் இல்லை.

எழுதவே கூசுகிறது. டயர் இல்லைதான், ஆனால் டயர் மாற்றும்போது ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து எதையாவது வளைத்திருப்பான். அப்படியும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. எண்பதில் போய் நியூட்ரலில் விட்டேன். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. எஞ்சின் இல்லை. முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் இருந்தது. மிச்சம் இருப்பது பின் ஷாஃப்ட் ஒன்றுதான்.

பின் ஷாஃப்ட். நான் கை வைத்தது.

எடை ஒரு பக்கம் கூடியிருக்கலாம் என்று, வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரப்பர் பைப்புக்குப் போடும் கிளிப்பு இரண்டை அதன்மேல் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பதினோரு தடவை. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. இறக்கி அக்கக்காகப் பிரித்திருந்தால் அரை நாள் வேலை. ஏன் இறக்கவில்லை? தெரியவில்லை. தெரியும். மச்சான் சொன்னதை நான் செய்ததாக ஆகிவிடும்.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டிலிருந்து டப்பாவில் வருவது நிற்கவில்லை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'சாப்பிட்டீங்களா' என்ற போன் நின்றுவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இன்னும் காத்திருந்தா மாடுங்க செத்துப்போயிடும். நாப்பதுக்கு மேல போக மாட்டேன்" என்றார். முன் ஷாஃப்ட்டை மாட்டிக் கொடுத்தேன். நிறுத்தியிருக்க வேண்டும். என்ன சொல்லி நிறுத்துவது? என்ன கோளாறு என்று எனக்கே தெரியாதபோது?

மார்ச் 12, புதன்

காலை எட்டு: டாக்டரம்மா போன் எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது.

பத்து: எடுக்கவில்லை.

ஒன்றரை: எடுக்கவில்லை. ஒரு ஸ்கூட்டருக்கு பிரேக் கட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது எனக்கு. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினேன். இறக்கத்தில் அந்த ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தினால்? அந்தம்மா தனியாகப் போயிருக்கிறது. கடவுளே, எதுக்கு விட்டேன்? வாய் மட்டும் நீளம், தடுக்க வேண்டிய நேரத்தில் ஊமையாப் போச்சே.

நாலே முக்கால்: வந்துவிட்டார். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது, டங் டங்கென்று. ஊசியெல்லாம் போட்டாயிற்றாம். இறங்கும் வழி முழுக்க முதல் கியரிலேயே வந்தேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

படுத்துப் பார்த்தேன். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பர் முழுக்கக் கிழிந்து, ஷாஃப்ட் தொங்குகிறது. இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் தாங்கியிருந்தால் அதிகம். வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின் ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றின் பற்கள் மற்றொன்றின் பற்களுக்குள் நுழைந்து உட்காரும். கழற்றும்போது எந்தப் பல் எதற்குள் இருந்ததோ அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் இரண்டு முனையிலும் உள்ள மூட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் முரண்டும்; வேகம் ஏற ஏற நடுக்கம் ஏறும். அதனால் கழற்றும் முன் இரண்டிலும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்வேன். பெயிண்ட் கிரீஸில் அழிந்துவிடும், நகப்பாலிஷ் அழியாது. மனைவியின் சிவப்பு பாட்டிலைத்தான் எடுத்துக்கொண்டு வருவேன். "கடைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வாங்கணும் போல" என்பாள். கடைக்கு வேலை கற்க வந்த ஒவ்வொருவரிடமும் நான் கத்திய முதல் கத்தல், "மார்க் போட்டியா?" என்பதுதான். எனக்குப் பட்டப்பெயரே 'மார்க்கு'.

இன்று ஷாஃப்ட்டை மண்ணெண்ணெயில் கழுவினேன். கிரீஸ் கரைந்ததும் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே ஷாஃப்ட்டைக் கழற்றியபோது நானே போட்டது. அடுத்த துண்டிலும் அதன் ஜோடி இருந்தது, ஒரு விரல் அகலம் தள்ளி.

ஒரு பல்.

எல்லாம் ஞாபகம் வருகிறது. இப்போது மூட்டு மாற்றிய அன்று பாட்டிலைத் திறந்தேன், காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. பழைய மார்க் உள்ளே இருக்கும், கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உருவிவிட்டேன். பிறகு கழுவவில்லை. கண்ணால் பார்த்தே சொருகினேன், எனக்குத் தெரியாததா என்று. அவ்வளவுதான் கதை.

அவனிடம் கத்தினேனே. ஏழு வருடத்தில் ஒரு நட்டுகூட லூசாக விடாதவன்.

மார்ச் 14, வெள்ளி

கோடுகளைச் சேர்த்து, புதிய பேரிங் போட்டு மாட்டினேன். எண்பது, தொண்ணூறு, நூறு. வழுவழுவென்று போகிறது. சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை.

டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். மலையில் அவர் பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். "இத உங்க மச்சான்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

மார்ச் 15, சனி

கடையில் வேலை அதிகம். போக முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வேலை அதிகம் என்று நேற்று எழுதியது பொய். நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "சரி. இத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

மச்சான் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு டயர் கடையில் சேர்ந்திருக்கிறான். போனேன். அவன் முதலாளி இருந்தார், வண்டிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. அவனை நான் தனியாகக் கூப்பிட்டா திட்டினேன்? அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "தப்பு என்னுதுடா மச்சான். மார்க் போடாம கழட்டிட்டேன். ஒரு பல் தள்ளி மாட்டிட்டேன். உன் டயர்ல ஒண்ணுமே இல்ல."

நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "தெரியும் மாமா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க உருவறப்ப பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மார்க் போடல."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. இறக்கிப் பாக்கலாமான்னு கேட்டேனே."

ஆமாம், கேட்டான். வியர்த்துக்கொட்டியது. அவனே போய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். திரும்பி வந்துவிடு என்றேன். "இங்க வர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன் மாமா. பாதியில விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். நல்லா இருக்காதுதான்.

வரும் வழியில் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் அழுதேன். இதை வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 29, சனி

ஒரு வேனின் ஷாஃப்ட் வேலை. சிவப்பு பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று. மனைவி புதிதாகக் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வாங்கியிருந்தாள், அதை எடுக்கலாம் என்று மேசை இழுப்பறையைக் குடைந்தேன். இல்லை. கேட்டேன். "நல்லாத் தேடிப் பாருங்க" என்றாள், தலையைத் தூக்காமல். வளையல் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். நகப்பாலிஷ் கேட்ட என்னை அங்கிருந்த பெண் ஏற இறங்கப் பார்த்தது.

டயர் மெஷினின் உறையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. டயர் வேலை வந்தால் பாலத்துக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

மதியம் ஒரு வண்டிக்காரர் சாக்கில் சுற்றிய ஷாஃப்ட் ஒன்றைத் தோளில் தூக்கிவந்து இறக்கினார். "பாலத்தாண்ட டயர் கடையில கழட்டிக் குடுத்தாங்க. ஷாஃப்ட் வேலைன்னா உங்ககிட்டதான் குடுக்கணும்னு அந்த அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

சாக்கைப் பிரித்தேன். இரண்டு துண்டும் சேரும் இடத்தில், துடைத்துச் சுத்தமாக்கிய இரும்பின்மேல், நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. கத்தரிப்பூ நிறம்.

வேலையைத் தொடங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து, "அந்த பாட்டில் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "அப்பாடா" என்றாள் மனைவி. பிறகு போனை எடுத்து என் கையில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். வருகிறேன் என்றான். வைக்கப்போகும்போது, "மாமா, மார்க் சரியா போட்டிருந்தேனா?" என்று கேட்டான்.

"சரியா போட்டிருந்தடா" என்றேன்.