தலை மூடுகிற நாள்

சேசு மரி சூசை

ராயபுரம்
11-3-1969

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அம்மா முத்தத்தோடு எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணி ஃப்ளோராவுக்குப் போன வாரம் ஆண் பிள்ளை பிறந்தது, அழகான கை கால், உன் அண்ணன் பாஸ்கலின் மூக்கு, ஆனால் நெற்றிக்கு மேலே மண்டை மூடவே இல்லையம்மா. கொஞ்ச நேரம்தான் மூச்சு இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று நர்ஸ் முழித்தாள், நான்தான் வாங்கி நெற்றியில் ஊற்றி அருள்நாதன் என்று பேர் வைத்தேன். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். பாஸ்கல் ஹார்பர் வேலைக்குப் போகிறான் வருகிறான்.

நீ ஆராய்ச்சிக்காக முட்டைக்குள் இருக்கும் கோழிக்குஞ்சின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கலர் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அப்போது ஃப்ளோராவுக்கு மூன்று மாதம். என் மகள் எடுத்தது என்று அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தினமும் ஜெபமாலை சொல்லும்போது ஃப்ளோரா முன்னால் அதுதான். ஊதாப்பூ மாதிரி இருக்கிறது என்பாள். இப்போது அவள் அம்மா சிலுவையம்மாள் வந்து, "புள்ளத்தாச்சி அந்தக் கலீஜைப் பாத்துகினே ஜெபம் சொன்னா வேற இன்னா பொறக்கும்" என்று தெருவே கேட்கக் கத்தினாள். குஞ்சைக் கொன்ற பாவம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், ஞாயிறு தவறாமல் கோழி தின்கிறவள்! அப்பா படத்தைக் கழற்றிவிட்டார். ஃப்ளோரா சோறு தொடாமல் அந்த வெறும் ஆணியையே பார்க்கிறாள். "நான்தான் பாத்துகினே இருந்தேன் அத்தே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மெட்டில்டா, இவளும் போய்விடுவாள் போலிருக்கிறது.

தலை முதலில் வாய்க்கால் மாதிரி திறந்திருந்து, பிறகு இரண்டு ஓரமும் சேர்ந்து மூடும் என்று நீ எழுதியிருந்தாய். மனுஷப் பிள்ளைக்கு அது எப்போது மூடும்? உன் போட்டோ வருவதற்கு முன்னாலேயா, பின்னாலேயா? நான் சமாதானம் சொன்னால் அவள் நம்பவில்லை, படித்தவள் நீ சொன்னால் நம்புவாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. சேசுவின் இருதயம் உன்னோடு இருக்கட்டும். ஒன்று மறக்காதே. போட்டோவுக்கு முன்னாலேயே மூடிவிடும் என்றால் ஃப்ளோரா பேருக்கே கொட்டை எழுத்தில் எழுது. பின்னால் என்றால் பதிலே போடாதே, கடுதாசி வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா
வியாகுலம்மாள்