வியாழக்கிழமை நீ தூக்க வேண்டிய கை

கீழ்ப்பிரிவு லயம்,
திங்கட்கிழமை.

கௌரவ நகர சபை உறுப்பினர் ஜூட் அவர்களுக்கு,

உங்கள் அக்கா அகஸ்டினா எழுதிக்கொள்வது. மரியாதை போதுமா? போதும்னா இனி நீன்னே எழுதுறேன், உன்கிட்டே எனக்கு இதெல்லாம் வராது. நாங்க இங்கே சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல ஒட்டியிருக்கிற போஸ்டர்ல கன்னம் உப்பி நல்லாத்தான் இருக்கே. அந்தச் சுவரடியைத் தினமும் கூட்டுறவ நான்தானே.

போன் அடிச்சா நீ எடுக்கிறதில்லை. உன் பொண்டாட்டி ஷிரோமி எடுத்து, அவர் மீட்டிங்ல இருக்கார் அண்ணின்னு சொல்லுது. பண்டாரவளைக்கு வீடு மாறிப் போனதிலிருந்து உனக்குச் சாப்பிடுற நேரமும் மீட்டிங், தூங்குற நேரமும் மீட்டிங். பாவம் அந்தப் பிள்ளை, உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சிருக்கும். அதான் பஸ் கண்டக்டர் தினேஸ் கையில இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புறேன். நேரா உன் கையிலதான் கொடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.

நேத்துத் திருநாள் பூசைக்கு வெள்ளைச் சட்டையோட வந்து முன்வரிசையில உட்கார்ந்தே. சமாதானம் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கும்பிடுற நேரத்துல என் பக்கம் திரும்பிக் கை கூப்பினே. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். கோயில்ல இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க, பார்க்கட்டும். பூசை முடிஞ்சு ஃபாதர் கூப்பிட்டு, கூடப்பிறந்தவன்கிட்டே அப்படி நடக்கலாமா அகஸ்டினான்னு கேட்டார். என்கூட றோடு கூட்டுற வேலாயிக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்கச் சொல்லுங்க ஃபாதர், அன்னைக்கே அவனைக் கட்டிப்பிடிச்சு அழுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு, அதனால திரும்பவும் எழுதுறேன். விடியுறதுக்கு முன்னாடி நானும் உன் அத்தான் யாகோப்பும் ஒரே கதவைச் சாத்திட்டு ஒரே வேலைக்கு இறங்குறோம். நான் மார்க்கெட் றோட்டைக் கூட்டிக் குவிச்சுக் கூடையில அள்ளித் தூக்கிக் கொடுக்கணும். அவர் அதை வாங்கி டிராக்டர்ல கொட்டணும். அவர் நிரந்தரம், நான் நாட்கூலி. நம்ம சபையில கூட்டுற பொம்பளைங்க எல்லாரும் நாட்கூலி, ஏத்துற ஆம்பளைங்க எல்லாரும் நிரந்தரம். அவர் வாங்குறதுல பாதிகூட எனக்கு வராது. ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சோறு ஆக்கித் திங்கிற ரெண்டு பேருக்கு இந்தக் கூத்து.

கேட்டா, அவங்க வேலை பாரமான வேலையாம். சம்பளத்துக்கு மறுநாள் பாதி ஆம்பளைங்க தலையைத் தூக்க முடியாமப் படுத்துக்கிறாங்களே, அன்னைக்கு டிராக்டர்ல ஏறி நின்னு ஏத்துறது யாரு? நாங்கதான். அன்னைக்கு மட்டும் குப்பை பஞ்சாப் போயிடுமா? இதெல்லாம் தேயிலைத் தோட்டத்துல ஊறின புத்தி. செடியைக் கவ்வாத்து வெட்டப் போற ஆம்பளை மத்தியானத்துக்கு முன்னாடியே முழுநாள் கூலிக்குப் பேர் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுப்பான். கொழுந்து எடுக்கிறவ அட்டைக்கடியோட சாயங்காலம் வரைக்கும் நின்னாத்தான் அவளுக்கு அந்தப் பேர், கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர், அரைக்கூலிதான். டவுனுக்கு வேலைக்கு வந்தும் அதே கணக்கையே எங்க தலையில கட்டினாங்க.

அதுக்குத்தான் எங்க கூட வேலை செய்யிற துஷாந்தினி முன்னால நிக்க, எல்லாரும் பதுளைக்குப் போய்த் தொழில் அலுவலகத்துல முறைப்பாடு கொடுத்தோம். விசாரணைக்குத் தேதியும் குறிச்சுட்டாங்க. அந்த நேரம் பார்த்துத்தான் நீ எலெக்சனுக்கு நின்னே. எங்க லயத்து வரிசை வீட்டு வாசல்ல உட்கார்ந்து, என் கையால பிளேன் டீ குடிச்சுக்கிட்டு என்ன சொன்னே? எதுக்கு அக்கா கோர்ட்டு கச்சேரின்னு அலையிறீங்க, முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்க, நான் ஜெயிச்சா சபைக்குள்ளேயே முடிச்சுத் தர்றேன்னு சொன்னே. சொன்னியா இல்லையா? தோட்டத்துல எதுன்னாலும் தலைவர் பேசுவார், நாம பின்னால நிக்கணும்னு பழகின சனம் நாங்க. நீயும் எங்களுக்குத் தலைவர்தான்னு நம்பி, ஒரே பஸ்ல ஏறிப் போய் வாபஸ் வாங்கிட்டு வந்தோம். சிரிக்கவும் செஞ்சோம் அன்னைக்கு, நம்ம பிள்ளை உள்ளே போகப் போறான்னு.

உள்ளே போனே. ஆம்பளைங்களுக்குச் சமமாக் கூலி, இத்தனை நாள் குறைச்ச பாக்கி, இதைக் கேட்டு நாங்க பேர் எழுதிக் கொடுத்த கோரிக்கை ரெண்டு தடவை சபைக்கு வந்துச்சு. ரெண்டு தடவையும் நீ போனைக் காதுல வெச்சுக்கிட்டு வெளியே போயிட்டியாம். அங்கே டீ கொண்டுபோற ஸனூஸ் பொய் சொல்ற மனுசன் இல்லை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, உன் கை ஒண்ணு விழுந்தா முடிஞ்சதுன்னு அவர் சொன்னார். அப்படியிருந்தும் கம்பி நீட்டியிருக்கே. வெட்கமா இல்லையா உனக்கு?

வேலாயி கையைக் கண்ணாடிச் சில்லு கிழிச்சது தெரியுமா? சீழ் பிடிச்சு வீங்கிக் கிடக்கு. நிரந்தரக்காரனுக்கு வெட்டுப்பட்டா சம்பளத்தோட லீவு. இவ ஒரு நாள் நின்னா அந்த நாள் கூலி இல்லை. ஒத்தைக் கையால கூட்டுறா. வயசாயிடுச்சுன்னு இந்த மாசத்தோட அவளை நிப்பாட்டப் போறாங்க. வியாழக்கிழமைக் கூட்டத்துல தீர்மானம் நிறைவேறினாத்தான் இத்தனை வருசத்துப் பாக்கி அவ கைக்கு வரும். இல்லாட்டி வெறுங்கையோட வீட்டுக்குப் போவா. நீ பல் முளைக்கிற வயசுல கத்தினப்போ உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு லயத்தைச் சுத்தினவ அவ.

வியாழக்கிழமை எழுந்து வெளியே போனே, நான் சும்மா இருக்கமாட்டேன். சபை வாசல்ல நின்னு, நீ வாக்குக் கொடுத்ததை ஊர் கேட்கச் சொல்லுவேன். என் வாயைப் பத்தி உனக்குத் தெரியும்.

அகஸ்டினா.


கீழ்ப்பிரிவு லயம்,
புதன்கிழமை.

தம்பிக்கு,

நேத்து நீ அத்தானுக்குப் போன் அடிச்சுப் பேசினியாம். எனக்கு அடிக்கப் பயம், அந்தப் பயம் இருக்கட்டும். அவர் சொன்னதைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். அக்கா பேரு அந்தக் கோரிக்கையில இருக்கிற வரைக்கும் என்னால கை தூக்க முடியாது, சொந்த அக்காவுக்குச் செஞ்சுக்கிட்டான்னு எதிர்க்கட்சிக்காரன் ஊர் பூரா கத்துவான்னு சொன்னியாம். அதனாலதான் வெளியே போனேன், வேற ஒண்ணும் இல்லைன்னியாம்.

இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாள் வேணுமாடா? வாயில என்ன வெச்சிருந்தே? ஓட்டுக் கேட்டு வந்தப்போ நான் உனக்கு அக்கான்னு தெரியலையா? அப்ப எல்லார் வீட்டு வாசல்லயும் அகஸ்டினா தம்பி, அகஸ்டினா தம்பின்னுதானே பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே.

சரி. திட்டித் தீராது. இன்னைக்குக் காலையில வேலை முடிஞ்சதும் முகத்தைக்கூடக் கழுவாம நேரா செயலாளர் கிட்டே போனேன். என் பேரை எடுத்துடுங்க ஐயான்னேன். அவர் நல்ல மனுசன், எடுத்தா உங்களுக்குப் பாக்கி ஒரு சதமும் வராது அம்மா, யோசிச்சுப் பாருங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். இப்ப அந்தக் கோரிக்கையில உனக்கு அக்காவும் இல்லை, சொந்தமும் இல்லை. இருக்கிறவங்க எல்லாம் உனக்கு ஓட்டுப் போட்டவங்க.

இங்கே பெரிய ரகளை. துஷாந்தினி விளக்குமாத்தைத் தூக்கிச் சாக்கடைக் கானுக்குள்ள எறிஞ்சுட்டு, உங்களைக் கேட்டோமா, நாங்க என்ன பிச்சையா எடுக்கிறோம்னு சத்தம் போட்டா. வேலாயி வேகமா வந்தா. துணி சுத்தின அந்தக் கையால என் முதுகுல ஒரு அடி வெச்சா, பிறகு அவளே அழுதா. உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டார். அந்தக் காசுல கூரைத் தகரம் மாத்தலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம். மழைக்கு ஒழுகுற இடத்துல சட்டி வெச்சு வெச்சு எனக்கும் அலுத்துப்போச்சு. தகரம் போனாப் போகட்டும், நீ இவ்வளவு செஞ்ச பிறகும் அவன் கை தூக்காமப் போனா என்ன பண்ணுவேன்னு கேட்டார். தம்பி, எனக்குப் பயமா இருக்குடா. அதுதான் நிஜம்.

போன கடிதத்துல சபை வாசல்ல நின்னு கத்துவேன்னு எழுதினேன். கத்தமாட்டேன். நாளைக்கு நாங்க எல்லாரும் குளிச்சு, நல்ல சேலை கட்டிக்கிட்டு, பார்வையாளர் பெஞ்சுல வந்து உட்காருவோம். வாயைத் திறக்கமாட்டோம். வேலாயியை முன்னாடி உட்கார வைப்போம். நான் கடைசியில, தூணுக்குப் பின்னால இருப்பேன்.

கர்த்தர் உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும். காதுக்கு மேல வரைக்கும் தூக்கினாப் போதும். ஆனா தூக்குற நேரத்துல என் பக்கம் மட்டும் பார்த்துடாதே தம்பி. நீ பார்த்தா நான் அழுதுடுவேன், அக்காவுக்காகத்தான் தூக்கினான்னு அவனுங்க சொல்லிடுவானுங்க.

இப்படிக்கு,
உனக்கு ஒண்ணும் ஆகாத,
அகஸ்டினா.