பூட்டில்லாத மீன் விக்கி

மச்சான்,

இன்று காலை கந்தோரில் வேலையாக இருக்கும்போது கரண்ட் போனது. மேசைக்கடியில் யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இந்தச் சத்தத்துக்குச் சிரிக்க இனி நான் மட்டும்தான்.

சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் கடலின் மீன்களைப் பற்றி ஊர்ச்சனமே எழுதிவைக்க இணையத்தில் ஒரு விக்கி வேண்டுமென்று நின்றாய். எந்த மென்பொருள் நல்லதென்று உலகம் பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தது. நாமோ பாலையூற்றில் என் வீட்டுக் கணினியில் இரண்டை நிறுவினோம். நீ மெயின் சுவிட்சை நிறுத்துவாய். யூபிஎஸ் அடங்குவதற்குள் நான் ஒரு மீனைப் பற்றித் தட்டிச் சேமிக்க வேண்டும். முதலாவதில் சூரை மீன் சேமிபடாமல் மூன்று முறை செத்தது. இரண்டாவதில் பிழைத்தது. அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி!

தேறிய மென்பொருளில் யாரும் வந்து எழுதலாம். விரும்பினால், ஈமெயில் கொடுத்துப் பதிந்தவர்கள் மட்டும் எழுதும்படி பூட்டும் போடலாம். நான் பூட்டச் சொன்னேன். பயம்தான், வேறென்ன. எவனாவது மீனை விட்டுவிட்டு யுத்தத்தைப் பற்றி எழுதிவைத்தால் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் என் வாசலில்தான் கேட்கும்.

“பூட்டினா ஆர் மச்சான் வந்து எழுதுவினம்? மீன்காரரிட்ட ஈமெயில் இருக்கோ?” என்றாய்.

“எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. ஏலாது!” என்று கத்தினேன்.

நீ கோபிக்கவில்லை. அடுத்த நாள் சீனன்குடாவிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் போட்டால் பாரை மீனின் தலைக்கு மேல் ஆட்டக்காரிகளின் விளம்பரம் வருகிறதாம். கனடாவிலிருக்கும் அக்காவிடம் சொல்லி நல்ல சர்வரில் இடம் எடுத்துவிட்டாயாம். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர், உன் வீட்டு விலாசம்.

“பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும். நீ பயப்பிடாமத் தட்டு.”

வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் பெயரையும் போடு என்று நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமை ஈ காக்கை கூட வரவில்லை. பிறகு ஒருநாள், கீரி மீனும் சூடை மீனும் ஒன்றே என்று நான் எழுதியிருந்த பக்கத்தில் யாரோ புகுந்து விளாசியிருந்தார். “இதை எழுதினவர் சந்தைக்கே போகாத ஆள் போல. கீரி வேற, சூடை வேற. வந்தாக் காட்டுறன்.”

கதிரையை விட்டு எழும்பிக் குசினிவரை ஆடிக்கொண்டு போனாய். என் மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள். “சனம் வந்திட்டுது தங்கச்சி! ஏசிக்கொண்டு வந்திட்டுது!” என்று அவளிடம் கத்தினாய். ஏச்சு வாங்கி இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு நானும் ஆடினேன்.

விக்கி இன்றும் பூட்டில்லாமல்தான் இருக்கிறது. குப்பை கொட்டுகிறவர்களும் வருகிறார்கள், கூட்டித் தள்ளுகிறேன். போன மாதம் வேறு சர்வருக்கு மாற்றும்போது பொறுப்பாளரின் பெயர் கேட்டது. உன் பெயரை அழிக்காமல், அதற்குக் கீழே என் பெயரையும் பாலையூற்று விலாசத்தையும் தட்டினேன். சண்டை முடிந்துவிட்ட இப்போது போடுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை, தெரியும். அன்றே போட்டிருக்க வேண்டிய பெயர், மச்சான்.