கேட்கத் தெரியாத கோபுரம்

இன்று காலை சிலிகான் பசைக் குழாயின் மூக்கை வெட்டியதும் அந்த வினிகர் நெடி எழுந்தது. செம்மண் மேட்டில், கம்பத்தில் சாத்திய ஏணியில் நின்று, வானொலியின் இணைப்பு டப்பாவுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தேன். "மணம் போறது வரைக்கும் டப்பாவ மூடாத மக்கா. அந்த ஆவியே உள்ள இருந்து செம்புக் கம்பியத் தின்னும்" என்பாய். உப்புக் காற்றுக்குப் பயந்து உடனே மூடிவிடுவது என் பழக்கம். இன்று மூடாமல் காத்திருந்தேன். அப்போது மனத்துக்குள் எழுதத் தொடங்கிய மடல் இது.

ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தோம். நான் நாகர்கோவிலில் ஆசிரியனானேன். நீ வளைகுடாவில் கைபேசிக் கோபுரங்கள் நிறுவிவிட்டுத் திரும்பி, உன் மச்சானோடு சேர்ந்து வள்ளம் வாங்கினாய். கைபேசி எட்டாத கடலில் ஆட்கள் தொலைந்துபோவதைப் பார்த்துச் சலித்த பிறகுதான் நமக்கு அந்த யோசனை வந்தது. வள்ளத்துக்கு, எழுத்துச் செய்தி அனுப்பும் ஒரு சிறு வானொலிப் பெட்டி. ஒரு பெட்டியின் செய்தியை அடுத்த பெட்டி வாங்கிக் கைமாற்றும். கடைசியில் இந்த மேட்டுக் கம்பம் அதைக் கரை சேர்க்கும்.

தூரத்தைக் கூட்ட நான் முதலில் நாடியது மின்திறனை. நீ கம்பத்தைத்தான் உயர்த்தினாய், தென்னங்கொண்டைகளைத் தாண்டும்வரை. மழையில் நனைந்த ஓலை அலையை விழுங்கிவிடும் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். உனக்குக் கோபுரங்களில் தெரியும். முதல் சோதனையன்று, கைபேசி இன்னும் எட்டும் தூரத்தில் நின்ற உன் வள்ளத்தை என் செய்தி அடைந்தது என்று நீ சொன்னதும் கைபேசியில் கூவினேன். நீ கேட்டது ஒன்றுதான்: "ஒன் பேச்சு எனக்கு வந்தது கணக்கில்ல. என் பேச்சு ஒனக்கு வந்துதாலே?"

வரவில்லை. அன்று முழுவதும் நான் கம்பத்திலும் நீ வள்ளத்திலுமாகப் போராடினோம். உன் பேச்சு வந்த பிறகே இறங்கினேன்.

பிறகு ஊர்ப் பாதுகாப்புக் குழு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்குக் கூடிய கூட்டம் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"பக்கத்து ஊரு திருவிழா மைக் நம்ம கட்டில்ல வந்து கேக்கு. நம்ம டவர் அவனுக்க ஊரைத் தாண்ட வேண்டாமா?" என்றார் தலைவர்.

"அண்ணே, இது மைக்கு இல்ல. டவர் கத்தினா வள்ளத்துக்குக் கேக்கும். வள்ளத்துல இருக்கது சின்னப் பெட்டி. அது பேசினா டவருக்குக் கேக்கணும்லா?" என்றாய் நீ.

"கேக்கலன்னா கொஞ்சம் ஒறக்கப் பேசச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. நான் எழுந்து அலைகளைப் பற்றிப் பேசினேன். "சாரு நாகர்கோவில் தாண்டி எப்பம் கடலுக்கு வந்தியோ?" என்று ஒருவர் கேட்க, மறுபடியும் சிரித்தார்கள்.

மேட்டுக் கம்பத்தைக் கழற்றினார்கள். குழுக் கட்டடத்தின் கூரையில், தென்னைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அதை நட்டு, அனுப்பும் திறனை மட்டும் பல மடங்காக்கும் பெருக்கியைப் பொருத்தினார்கள். தொடக்க விழாவில் கரையின் வாழ்த்துச் செய்தி நடுக்கடலில் வந்து விழுந்ததும் வெடி வெடித்தார்கள். திரும்பப் பேசிப் பார்த்தவன் நீ ஒருவன். பதில் இல்லை என்று வந்து சொன்னாய். விழா முடிந்துவிட்டது என்றார்கள்.

மழை பெய்த அந்தப் பிற்பகலில், செய்தியைக் கைமாற்ற அருகில் வேறு வள்ளம் இல்லாத இடத்தில் உன் இயந்திரம் நின்று, வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. வெற்று மண்ணெண்ணெய்க் கேனைப் பற்றிக்கொண்டு தான் மட்டும் பிழைத்த உன் மச்சான், மருத்துவமனைக் கட்டிலில் எனக்குச் சொன்னான்: "கரை போட்டது எல்லாம் வந்துது சாரே. எங்க இருக்கிய, எங்க இருக்கியன்னு. மச்சான் எடத்தப் போட்டுட்டே இருந்தாரு. கடசீல பெட்டியப் பாத்துச் சிரிச்சாரு. 'டவருக்குத் தொண்டை ஜோராத்தான் இருக்கு, காதுதான் இல்ல'ன்னாரு."

விசாரணையில் குழு தந்த விளக்கம்: "கருவியில் குறையில்லை. கரையிலிருந்து அனுப்பிய செய்திகள் அனைத்தும் வள்ளத்தை அடைந்துள்ளன." அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதனாலேயே அதை எழுதியவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

சென்ற வாரம் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். இன்னும் பெரிய பெருக்கி வைக்கப்போகிறார்களாம், அதற்கு உன் பெயராம், நான் ஒரு நினைவுரை தர வேண்டுமாம். "ஒங்க கூட்டாளிக்க பேரு கடலு முழுக்கக் கேக்கணும் சாரே" என்றார். தேநீர் கொடுத்தேன். "அந்தக் கூரையில் அவன் பெயரை எழுதினால், ஏணி வைத்து நானே அழிப்பேன்" என்று குரலை உயர்த்தாமல் சொன்னேன். அவர் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

குழுவைக் கேட்காமல், வள்ளக்காரர்களும் நானும் இந்த மேட்டில் மறுபடியும் கம்பம் நட்டோம். தென்னைகளுக்கு மேலே நிற்கிறது. அதன் திறன் ஒரு வள்ளத்துப் பெட்டியின் திறனே; அது பேசி எட்டும் இடத்திலிருந்து வள்ளம் பேசினால் அதற்கும் கேட்கும். அதற்கு மேல் ஏற்ற நான் விடமாட்டேன். நெடி அடங்கியதும் டப்பாவை மூடினேன். மாலையில் கடலிலிருந்து ஒவ்வொரு வள்ளமாகச் செய்தி வந்தது. ஒவ்வொருவருக்கும் உன் கேள்விக்குத்தான் பதில் எழுதினேன்: உன் பேச்சு வந்தது.

ஏணியடியில் நின்ற உன் மச்சான் கேட்டான்: "எல்லா வள்ளமும் பேசியாச்சு சாரே. பெட்டிய அணைச்சிரலாமா?"

"கொஞ்சம் பொறு" என்றேன்.

 அவன் செம்மண்ணில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.